வாழ்க்கைக் கட்டத்திற்கேற்ற முதலீட்டுத் தொகுப்பு

வாழ்க்கைக் கட்டத்திற்கேற்ற முதலீட்டுத் தொகுப்பு என்பது, முதலீட்டாளர் ஒருவரின் வயது, குடும்பப் பொறுப்புகள், வருமானத்தின் தன்மை, இடர் தாங்கும் திறன் ஆகியவற்றைக் கருத்திற்கொண்டு, அவரது சேமிப்பைப் பங்குகள், கடன் பத்திரங்கள், வைப்புகள், தங்கம், நிலம் முதலான சொத்து வகைகளிடையே பகிர்ந்து வைக்கும் முறையாகும். ஒரே வயதுடைய இருவருக்கு ஒரே தொகுப்பு பொருந்தும் என்பதில்லை. இழப்பு நேரும்போது அதைத் தாங்குவதற்கு வேறு வருமானம் உண்டா என்பது வயதைக் காட்டிலும் முதன்மையான வினாவாகப் பல வேளைகளில் அமைகிறது. புதுக்கோட்டை மாவட்டத்திலுள்ள மணமேல்குடி போன்ற கடலோர ஊர்களில் மக்களின் தொழிலே இடர் மிகுந்தது என்பதால், இவ்வுண்மையை அங்கே தெளிவாகக் காணலாம்.

சொத்து வகைகளும் இடரும்

முதலீட்டில் இடர் என்பது, எதிர்பார்த்த பலன் கிடைக்காமல் போவதற்கான அல்லது முதலே குறைந்துபோவதற்கான வாய்ப்பைக் குறிக்கும். வங்கி வைப்பில் முதல் குறைவதில்லை. இந்தியாவில் ஒரு வங்கியில் ஒருவர் வைத்திருக்கும் வைப்புகளுக்கு 5 இலட்சம் ரூபாய் வரை காப்பீடும் உண்டு. இவ்வரம்பு 2020 பெப்ரவரி முதல் நடைமுறையில் உள்ளது. ஆயினும் வைப்புக்கும் ஓர் இடர் உண்டு. விலைவாசி ஆண்டுக்கு 6 விழுக்காடு உயர்ந்தால், ஏறத்தாழ 12 ஆண்டுகளில் பணத்தின் வாங்கும் திறன் பாதியாகிவிடும். பங்குகள் நீண்ட காலத்தில் விலைவாசியை விஞ்சக்கூடியவை; ஆனால் குறுகிய காலத்தில் பெரிதும் சரியக்கூடியவை. 2008 சனவரியில் 20,000 புள்ளிகளைக் கடந்திருந்த மும்பைப் பங்குச் சந்தையின் சென்செக்ஸ் குறியீடு, 2009 மார்ச்சில் ஏறத்தாழ 8,160 புள்ளிகளுக்கு வீழ்ந்தது. பழைய உயரத்தை மீண்டும் எட்ட 2010 நவம்பர் வரை ஆயிற்று. இடையில் பணம் தேவைப்படாதவருக்கு இது காத்திருப்பு மட்டுமே. பணம் தேவைப்பட்டவருக்கோ இது நிலையான இழப்பு.

கோட்பாட்டு வரலாறு

தொகுப்பு முதலீடு பற்றிய நவீனக் கோட்பாட்டை அமெரிக்கப் பொருளியலாளர் ஹாரி மார்க்கோவிட்ஸ் 1952இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை தொடங்கி வைத்தது. ஒரு சொத்தின் இடரைத் தனியாகப் பார்க்கக் கூடாது, அது பிற சொத்துகளோடு சேர்ந்து ஏறுகிறதா இறங்குகிறதா என்பதையும் பார்க்க வேண்டும் என்பது அவர் கருத்து. இதற்காக அவருக்கு 1990இல் பொருளியலுக்கான நோபல் பரிசு மெர்ட்டன் மில்லர், வில்லியம் சார்ப் ஆகியோருடன் பகிர்ந்து வழங்கப்பட்டது.

மனிதர் தம் வாழ்நாள் முழுவதற்கும் செலவைச் சீராக்கிக்கொள்ள முயல்கின்றனர், ஆகையால் உழைக்கும் காலத்தில் சேமித்து முதுமையில் செலவிடுகின்றனர் என்னும் வாழ்க்கைச் சுழற்சிக் கருதுகோளை 1950களில் ஃபிராங்கோ மொடிக்லியானி, ரிச்சர்ட் பிரம்பெர்க் ஆகியோர் முன்வைத்தனர். மொடிக்லியானி 1985இல் நோபல் பரிசு பெற்றார்.

வயது கூடக்கூடப் பங்குகளைக் குறைக்க வேண்டும் என்பது பொதுவான நம்பிக்கை. ஆனால் 1969இல் பால் சாமுவேல்சன், ராபர்ட் மெர்ட்டன் ஆகியோர் தனித்தனியே எழுதிய கட்டுரைகள், குறிப்பிட்ட சில எடுகோள்களின் கீழ் வயதால் மட்டும் பங்குகளின் அளவு மாற வேண்டியதில்லை என்று காட்டின. பின்னர் 1992இல் இவ்விருவரும் சுவி போடி என்பாருடன் சேர்ந்து, வயதின் பங்கை உழைப்பு வருமானத்தைக் கொண்டு விளக்கினர். இளைஞர் ஒருவரின் மிகப் பெரிய சொத்து அவர் இனிமேல் ஈட்டப்போகும் வருமானமே ஆகும். இது மனித மூலதனம் எனப்படும். வயது ஏற ஏற இம்மூலதனம் குறைகிறது. இழப்பை உழைத்து ஈடுசெய்யும் வாய்ப்பும் குறைகிறது. வயது முதன்மை பெறுவது இக்காரணத்தாலேயே.

இதிலிருந்து ஒரு முடிவு பெறப்படுகிறது. உறுதியான மாத ஊதியம் பெறுபவரின் மனித மூலதனம் கடன் பத்திரத்தை ஒத்தது. அவர் தம் சேமிப்பில் பங்குகளைக் கூடுதலாக வைக்க இயலும். ஏற்ற இறக்கம் மிகுந்த தொழில் செய்பவரின் மனித மூலதனம் பங்கை ஒத்தது. அவரது சேமிப்பு பாதுகாப்பானதாக இருத்தல் வேண்டும்.

இடர் விருப்பமும் இடர் தாங்கும் இயலுமையும்

இடர் தாங்கும் திறன் என்னும் தொடர் இரு வேறு பொருள்களைத் தன்னுள் கொண்டது.

இடர் விருப்பம்: ஏற்ற இறக்கத்தைக் கண்டு கலங்காத மனநிலை. இது குணம், அனுபவம் ஆகியவற்றைப் பொறுத்தது.

இடர் தாங்கும் இயலுமை: இழப்பு நேர்ந்தாலும் குடும்பத்தின் இன்றியமையாத செலவுகள் தடைபடாத நிலை. இது வருமானம், கடன், காப்பீடு, சார்ந்திருப்போர் எண்ணிக்கை, பணம் தேவைப்படும் காலம் ஆகியவற்றைப் பொறுத்தது.

இரண்டும் ஒன்றுக்கொன்று மாறுபடுமாயின், குறைந்த அளவையே எல்லையாகக் கொள்வது பொது வழக்கம். துணிச்சல் மிகுந்தவருக்கு அடுத்த ஆண்டு மகளின் திருமணச் செலவு காத்திருந்தால் அத்தொகைக்கு அவரது துணிச்சல் உதவாது.

விருப்பத்தை அளக்க வினாநிரல்கள் பயன்படுகின்றன. 1999இல் ஜான் கிரேபிள், ரூத் லிட்டன் ஆகியோர் வெளியிட்ட 13 வினாக்கள் கொண்ட அளவுகோல் பரவலாக அறியப்பட்டது. எனினும் விடைகள் சூழலுக்கேற்ப மாறக்கூடும். சந்தை ஏறும் காலத்தில் துணிவாக விடையளித்தவர் சரிவின்போது அஞ்சி விற்றுவிடுவதுண்டு. மனிதர் ஈட்டத்தால் அடையும் மகிழ்ச்சியை விட அதே அளவு இழப்பால் அடையும் வருத்தம் பெரிது என்பதை டேனியல் கானமன், ஏமோசு டிவெர்ஸ்கி ஆகியோர் 1979இல் வெளியிட்ட கோட்பாடு எடுத்துரைத்தது.

வாழ்க்கைக் கட்டங்கள்

உழைப்பின் தொடக்கம்: சேமிப்பு சிறியது, காலம் நெடியது. முதலில் சில மாதச் செலவுக்கான அவசர நிதியும் மருத்துவக் காப்பீடும் தேவை. அதன்பின் நீண்டகாலச் சேமிப்பில் பங்கு சார்ந்த பரஸ்பர நிதிகள் பெரும்பங்கு பெறலாம்.

குடும்பப் பொறுப்புக் காலம்: வீட்டுக் கடன், பிள்ளைகளின் கல்வி ஆகியவை சேர்கின்றன. வருமானம் ஈட்டுபவர் இறந்தால் குடும்பம் நிலைகுலையும் என்பதால் ஆயுள் காப்பீடு இன்றியமையாதது. ஒவ்வொரு இலக்குக்கும் உரிய காலத்தைக் கொண்டு பணத்தைத் தனித்தனியே பிரித்து வைப்பது வழக்கம்.

ஓய்வுக்கு முந்திய காலம்: புதிய சேமிப்பைக் கொண்டு இழப்பை ஈடுசெய்வது கடினம். பங்குகளின் அளவு படிப்படியாகக் குறைக்கப்படுகிறது.

ஓய்வுக்காலம்: மாதந்தோறும் பணம் எடுக்கப்படும் கட்டம் இது. 60 வயதில் ஓய்வு பெறுபவர் மேலும் 25 ஆண்டுகள் வாழக்கூடும் என்பதால் பங்குகளை முற்றிலும் நீக்குவதும் பொருத்தமற்றதாகலாம்.

நூறிலிருந்து வயதைக் கழித்தால் வரும் எண்ணே பங்குகளின் விழுக்காடு என்பது ஒரு நடைமுறை விதி. இதன்படி 30 வயதினர் 70 விழுக்காடும், 60 வயதினர் 40 விழுக்காடும் பங்குகளில் வைக்கலாம். நினைவில் கொள்ள எளிது எனினும், இவ்விதி வருமானத்தின் தன்மையைக் கணக்கில் கொள்வதில்லை.

ஓய்வின் தொடக்கத்தில் நேரும் சரிவு

பணம் எடுக்கும் காலத்தில் இழப்பு எந்த வரிசையில் வருகிறது என்பது முக்கியமானது. எடுத்துக்காட்டாக, ஓய்வு பெற்ற ஒருவர் 20 இலட்சம் ரூபாயை முழுவதும் பங்குகளில் வைத்துள்ளார் எனக் கொள்வோம். சந்தை பாதியாகச் சரிந்து, தொகை 10 இலட்சமாகிறது. சரிந்த நிலையிலேயே மாதம் 10,000 ரூபாய் வீதம் இரண்டு ஆண்டுகளில் அவர் 2.4 இலட்சம் எடுக்கிறார், மிஞ்சுவது 7.6 இலட்சம். பின்னர் சந்தை இருமடங்காகிப் பழைய நிலையை அடைந்தாலும் அவரிடம் இருப்பது 15.2 இலட்சமே.

இதே நபர் 5 இலட்சத்தை வைப்பிலும் 15 இலட்சத்தைப் பங்கிலும் வைத்து, சரிவுக் காலச் செலவுக்கு வைப்பிலிருந்து மட்டும் எடுத்திருந்தால், வட்டியைச் சேர்க்காமலே இறுதியில் 17.6 இலட்சம் இருக்கும். இரண்டு நிலையிலும் சந்தையும் செலவும் ஒன்றே. பணத்தைப் பகிர்ந்து வைத்த முறை மட்டுமே வேறு.

இந்தியாவில் நடைமுறை

இந்தியப் பங்கு பரிவர்த்தனை வாரியம் (செபி) 2013இல் முதலீட்டு ஆலோசகர்களுக்கான விதிமுறைகளை அறிவித்தது. இவற்றின்படி, ஆலோசகர் தம் வாடிக்கையாளரின் வயது, முதலீட்டு நோக்கம், காலம், வருமானம், இருக்கும் சொத்துகள், கடன், இடர் விருப்பம் ஆகியவற்றைக் கேட்டறிய வேண்டும். முதலிழப்பை ஏற்க விரும்பாதவரை மட்டுமன்றி ஏற்க இயலாதவரையும் அடையாளம் காண வேண்டும். வினாக்கள் குறிப்பிட்ட விடைக்கு இட்டுச்செல்வனவாக இருத்தல் கூடாது. மதிப்பீட்டு முடிவை வாடிக்கையாளருக்குத் தெரிவிப்பதும் ஆலோசகரின் கடமையாகும்.

பரஸ்பர நிதிகளின் இடரைக் காட்ட இடர்மானி என்னும் படக்குறியீடு பயன்படுகிறது. 2015இல் ஐந்து நிலைகளைக் கொண்டிருந்த இது, 2021 சனவரி முதல் குறைவு தொடங்கி மிக அதிகம் வரையான ஆறு நிலைகளைக் கொண்டுள்ளது.

2004இல் மத்திய அரசு ஊழியர்களுக்காகத் தொடங்கப்பட்ட தேசிய ஓய்வூதியத் திட்டம், 2009 மே முதல் அனைத்துக் குடிமக்களுக்கும் திறந்துவிடப்பட்டது. இதன் தானியங்கித் தெரிவில் வயதுக்கேற்பப் பங்குகளின் அளவு தானே குறைகிறது. மிதமான வகையில் 35 வயது வரை 50 விழுக்காடாக இருக்கும் பங்கு முதலீடு, பின்னர் ஆண்டுக்கு 2 விழுக்காடு வீதம் குறைந்து, 45 வயதில் 30 விழுக்காடாகவும் 55 வயதில் 10 விழுக்காடாகவும் அமைகிறது.

ஓய்வுக்காலத்திற்கு அஞ்சலகத்தின் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டமும், நீண்டகாலப் பாதுகாப்பான சேமிப்புக்கு 15 ஆண்டுக் காலம் கொண்ட பொது வருங்கால வைப்பு நிதியும் பயன்படுகின்றன.

மணமேல்குடிப் பகுதி: ஓர் எடுத்துக்காட்டு

மணமேல்குடி, கிழக்குக் கடற்கரைச் சாலையில் பாக்கு நீரிணையை ஒட்டி அமைந்த வட்டத் தலைமையிடம் ஆகும். மீன்பிடித்தல், வேளாண்மை, வெளிநாட்டு வேலை ஆகியன இக்கடலோரப் பகுதி மக்களின் வருமான வழிகளுள் அடங்கும். இங்கு 40 வயதுடைய நால்வரைக் கற்பனையாகக் கொண்டால், நூறிலிருந்து வயதைக் கழிக்கும் விதி நால்வருக்கும் 60 விழுக்காடு பங்கு என்றே கூறும்.

அரசுப் பள்ளி ஆசிரியர்: மாத ஊதியம் உறுதியானது. நீண்டகாலச் சேமிப்பில் 60 விழுக்காடு பங்கு என்பது இவருக்குப் பொருந்தக்கூடும்.

விசைப்படகு உரிமையாளர்: கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் சூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை உண்டு. அருகிலுள்ள கோட்டைப்பட்டினம், செகதாப்பட்டினம் ஆகிய ஊர்களின் மீனவர்கள் எல்லை தாண்டியதாக இலங்கைக் கடற்படையினரால் கைது செய்யப்பட்டதும், படகுகள் பறிமுதல் செய்யப்பட்டதும் பலமுறை நிகழ்ந்துள்ளன. இவரது முதன்மைச் சொத்தும் வருமானமும் ஒரே நாளில் இழக்கப்படக்கூடியவை. எளிதில் எடுக்கத்தக்க வைப்பு இவருக்கு முதல் தேவை. பங்குகள் சிறிதளவே பொருந்தும்.

தென்னை விவசாயி: 2018 நவம்பர் 16 அன்று கரையைக் கடந்த கசா புயல், புதுக்கோட்டை, தஞ்சாவூர் மாவட்டங்களில் பெருமளவு தென்னைகளைச் சாய்த்தது. நெட்டை வகைத் தென்னை காய்ப்புக்கு வர ஆறு முதல் எட்டு ஆண்டுகள் வரை ஆகும். சேமிப்பையெல்லாம் மேலும் தோப்பாகவே வாங்கியவருக்கு, வருமானமும் சேமிப்பும் ஒருங்கே சாய்ந்தன. இவருக்கு ஊருக்கு வெளியே, புயல் தொடாத சொத்துகளில் ஒரு பகுதி இருத்தல் நன்று.

வெளிநாட்டுத் தொழிலாளி: ஊதியம் மிகுதி எனினும் ஒப்பந்தம் முடிந்தால் வருமானம் நின்றுவிடும். வெளிநாடுவாழ் இந்தியர் பொது வருங்கால வைப்பு நிதியில் புதிய கணக்குத் தொடங்க இயலாது. வங்கிகளின் வெளிநாடுவாழ் இந்தியர் வைப்புகளிலும் பரஸ்பர நிதிகளிலும் முதலிடலாம். ஊர் திரும்பியபின் முதல் சில ஆண்டுகளுக்கான செலவைத் தனியே ஒதுக்குவது இவருக்கு இன்றியமையாதது.

இம்மாவட்டத்தில் ஆலங்குடி, கீரமங்கலம், வடகாடு ஆகிய பகுதிகளிலும், அண்டை மாவட்டத்துப் பேராவூரணியிலும் ஆடி மாதத்தை ஒட்டி நடைபெறும் மொய் விருந்து, வாழ்க்கைக் கட்டத்திற்கேற்ற மரபு வழி நிதி ஏற்பாடாகும். ஒரு குடும்பம் பல ஆண்டுகள் பிறருக்குச் செய்த மொய்யை, வீடு, தொழில், கல்வி போன்ற பெருந்தேவை வரும்போது விருந்து வைத்து மொத்தமாகத் திரும்பப் பெறுகிறது. தனி ஒருவரின் இடருக்கு இது சிறந்த காப்பாகும். ஆனால் கசா புயலுக்குப் பின் மொய் வரவு குறைந்தது. மொய் செய்ய வேண்டியவர்களின் தோப்புகளும் அதே புயலில் சாய்ந்திருந்தமையே காரணம். சேர்ந்து வீழும் சொத்துகள் ஒன்றையொன்று காக்கமாட்டா என்னும் மார்க்கோவிட்ஸ் கருத்துக்கு இது ஒரு சான்றாகக் கொள்ளத்தக்கது.

குறைபாடுகள்

வாழ்க்கைக் கட்டப் பகுப்பு பொதுமைப்படுத்தப்பட்டது. கூட்டுக் குடும்பம், விதவை நிலை, நோய், பிந்திய திருமணம் போன்றவை அதற்குள் எளிதில் அடங்குவதில்லை. வினாநிரலின் மதிப்பெண்ணை மட்டுமே கொண்டு தொகுப்பை முடிவுசெய்வதும், விற்பனைத் தரகு பெறுபவரே பொருத்தத்தை மதிப்பிடுவதும் குறைகூறலுக்கு உள்ளாகியுள்ளன. குடும்ப நிலை மாறும்போதெல்லாம் தொகுப்பை மீளாய்வு செய்யாவிடில், தொடக்கத்தில் பொருந்திய தொகுப்பும் பின்னர் பொருந்தாததாகிவிடும். பெருவட்டி தருவதாகக் கூறும் அனுமதியற்ற நிறுவனங்களின் வைப்புகள் எந்தக் கட்டத்திற்கும் உரியவையல்ல. இத்தகையவற்றைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 1997இலும் இந்திய அளவில் 2019இலும் சட்டங்கள் இயற்றப்பட்டுள்ளன.

இவற்றையும் பார்க்க

பரஸ்பர நிதி
தேசிய ஓய்வூதியத் திட்டம்
மொய் விருந்து
மணமேல்குடி