3 விநாடிக்குள் முடிவெடு! அமெரிக்கக் காற்பந்தில் குவார்ட்டர்பேக் நெருக்கடியைச் சமாளிப்பது எப்படி?

பேட்ரிக் மஹோம்ஸ். அமெரிக்கக் காற்பந்தின் ஆகப் பெரிய நட்சத்திரங்களில் ஒருவர். கேன்சஸ் சிட்டி சீஃப்ஸ் அணியின் குவார்ட்டர்பேக். அதாவது, பந்தை எறிந்து தாக்குதலை வழிநடத்துபவர்.

2025 பிப்ரவரியில் நடந்த சூப்பர் பௌல் இறுதியாட்டத்தில் ஃபிலடெல்ஃபியா ஈகல்ஸ் ஆட்டக்காரர்கள் அவரை 6 முறை பந்தோடு தரையில் சாய்த்தனர். சீஃப்ஸ் 22-40 எனத் தோற்றது. தொடர்ந்து 3ஆவது முறை கிண்ணத்தை வெல்லும் கனவு கலைந்தது.

ஆனா 2 ஆண்டுக்கு முன்பு, இதே ஈகல்ஸ் அணியை இதே மஹோம்ஸ் இறுதியாட்டத்தில் வீழ்த்தினார். அன்று அவரை ஒரு முறைகூடச் சாய்க்க முடியவில்லை.

என்ன மாறியது? அதைப் புரிந்துகொள்ள, குவார்ட்டர்பேக்கைச் சுற்றி நடக்கும் அந்த 3 விநாடிப் போராட்டத்தைப் பார்க்க வேண்டும்.

பாஸ் ரஷ் என்றால் என்ன?

தாக்கும் அணிக்கு 4 வாய்ப்புகள். அதற்குள் குறைந்தது 10 கெஜம் முன்னேற வேண்டும். இல்லாவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும்.

வரிசையின் நடுவில் இருப்பவர் பந்தைப் பின்னால் நிற்கும் குவார்ட்டர்பேக்கிடம் கொடுத்ததும் ஆட்டம் தொடங்கும். எதிரணியினர் அவரை நோக்கிப் பாய்வார்கள். அதுதான் பாஸ் ரஷ்.

எறிவதற்குள் அவரைச் சாய்த்துவிட்டால் அது சாக். ஒரு வாய்ப்பு வீணாகும். அதோடு பல கெஜம் பின்னுக்குப் போக நேரிடும்.

அவரைக் காப்பவர்கள் முன்னால் நிற்கும் 5 தடுப்பாளர்கள். அவர்கள் வளைந்து நின்று உருவாக்கும் பாதுகாப்பான இடத்துக்கு பாக்கெட் என்று பெயர். அது பொதுவாக இரண்டரை முதல் 3 விநாடி தாங்கும். அவ்ளோதான்.

எல்லாம் எண்ணிக்கைதான்

இரண்டு பக்கமும் 11 பேர். தாக்கும் அணியில் குவார்ட்டர்பேக் ஒருவர், தடுப்பாளர்கள் ஐவர், பந்தைப் பிடிக்க ஓடக்கூடியவர்கள் ஐவர்.

தற்காப்பு அணி வழக்கமாக 4 பேரை அனுப்பும். மீதி 7 பேர் பின்னால் நின்று, ஓடி வரும் ஐவரைக் கவனிப்பார்கள்.

5 அல்லது அதற்கும் அதிகமானோர் பாய்ந்தால் அது பிளிட்ஸ். 6 பேர் பாய்ந்தால் தடுக்க ஐவர்தான் உள்ளனர். ஆறாவது ஆளை யாரும் தடுக்கமாட்டார்கள்.

ஆனா பின்னால் காவல் காப்பவர்களின் எண்ணிக்கை ஐந்தாகக் குறைந்துவிடும். அதாவது, பிளிட்ஸ் ஒரு பந்தயம். நெருக்கடி கூடும், பின்னால் ஓட்டை விழும். அந்த ஓட்டையைக் கண்டுபிடிப்பதே குவார்ட்டர்பேக்கின் வேலை.

பந்து கைக்கு வருமுன்

பாதி வேலை ஆட்டம் தொடங்குமுன் நடக்கிறது.

யார் பாயப்போகிறார்கள் என்பதை எதிரணியினர் நிற்கும் விதத்தைக் கொண்டு குவார்ட்டர்பேக் கணிப்பார். எதிரணியும் சும்மா இருக்காது. பாயப்போவதுபோல் நின்று, கடைசி நொடியில் பின்வாங்கும்.

அதனால் அவரும் சோதித்துப் பார்ப்பார். தன் ஆட்டக்காரர் ஒருவரைக் குறுக்கே ஓடச் சொல்வார். எதிரணியில் ஒருவர் அவரைப் பின்தொடர்ந்தால், ஆளுக்கு ஆள் காவல் என்று ஓரளவு ஊகிக்கலாம். யாரும் தொடரவில்லை என்றால், ஆளுக்கொரு பகுதியைக் காக்கிறார்கள் எனலாம்.

சில நேரம் குரலைத் திடீரென்று உயர்த்திக் கத்துவார். அவசரப்பட்டு அசைபவர் தன் திட்டத்தைக் காட்டிக்கொடுத்துவிடுவார்.

ஆபத்து எந்தப் பக்கம் என்று தெரிந்ததும் தடுப்பாளர்களை அந்தப் பக்கம் நகரச் சொல்லலாம். திட்டத்தையே மாற்றவும் செய்யலாம்.

பந்து வந்த பிறகு

இப்போது யோசிக்க நேரமில்லை. பழகிய பதில்கள்தான் கைகொடுக்கும்:

- காலியான இடத்துக்கு உடனே எறிவது: பாய்ந்து வந்தவர் விட்டுவந்த இடம் காலி. அங்கே ஓட வேண்டியவர் யார் என்பது முன்பே பேசிவைத்தது.

- ஸ்கிரீன்: பாய்பவர்களை வேண்டுமென்றே உள்ளே விட்டு, அவர்கள் தலைக்கு மேலே பந்தைச் சகாவிடம் கொடுப்பது. அவருக்கு முன்னால் தடுப்பாளர்கள் ஓடி வழி அமைப்பார்கள்.

- டிரா: எறிவதுபோல் பாவனை செய்து, ஓடுபவரின் கையில் பந்தைக் கொடுப்பது. வேகமாகப் பாய்ந்தவர்கள் அவரைத் தாண்டிப் போயிருப்பார்கள்.

- ஓரடி முன்னே போவது: ஓரங்களில் இருந்து வருபவர்கள் வளைந்துதான் வர வேண்டும். பாக்கெட்டுக்குள் சற்று முன்னே நகர்ந்தால் அவர்கள் முதுகுக்குப் பின்னால் கடந்துபோவார்கள்.

- வெளியே எறிவது: ஒருவரும் கிடைக்கவில்லையா? விதிகளுக்கு உட்பட்டுப் பந்தை எல்லைக்கு வெளியே எறியலாம். வாய்ப்பு ஒன்று போகும்; ஆனா பின்னுக்குப் போக வேண்டியதில்லை.

எதுவும் இலவசமில்லை

கூடுதலாக இருவரைத் தடுக்கச் சொல்லலாமே என்று கேட்கலாம். சொல்லலாம். ஆனா அப்போது பந்தைப் பிடிக்க மூவர்தான் ஓடுவார்கள்.

எப்போதும் குட்டையாகவே எறிந்தால் எதிரணி முன்னால் வந்து நெருங்கி நிற்கும். ஓரமாக ஓடினால் திடலின் மறுபாதி பயன்படாது.

மஹோம்ஸின் 3 இறுதியாட்டங்கள்

2021: எதிரணி தாம்பா பே பக்கனியர்ஸ். சீஃப்ஸ் வரிசையின் இரண்டு ஓரங்களையும் காக்கும் முதல்நிலைத் தடுப்பாளர்கள் காயத்தால் ஆடவில்லை. பக்கனியர்ஸ் அரிதாகவே பிளிட்ஸ் செய்தது. அதற்குத் தேவையே இருக்கவில்லை. மஹோம்ஸ் எறிய முயன்ற 56 முறைகளில் 29இல் நெருக்கப்பட்டார். சூப்பர் பௌல் வரலாற்றில் அது புதிய உச்சம். சீஃப்ஸ் ஒரு டச் டவுன்கூட எடுக்காமல் 9-31 எனத் தோற்றது.

2023: தோல்விக்குப் பிறகு சீஃப்ஸ் மாற்றியது குவார்ட்டர்பேக்கை அல்ல, தடுப்பு வரிசையை. 2023இல் களமிறங்கிய 5 தடுப்பாளர்களில் நால்வர், 2021 இறுதியாட்டத்தில் ஆடாதவர்கள். வழக்கமான பருவத்தில் 70 சாக் எடுத்திருந்த ஈகல்ஸ், இறுதியாட்டத்தில் ஒன்றுகூட எடுக்கவில்லை. குறுக்கே ஓடுவதுபோல் ஓடிச் சட்டென்று திரும்பும் உத்தியில் 2 டச் டவுன்கள் கிடைத்தன. கணுக்கால் காயத்தோடு ஆடிய மஹோம்ஸ் 38-35 என வென்றார்.

2025: வழக்கமாக வரிசையின் உள்பக்கம் ஆடும் ஜோ தூனி, இடது ஓரத்தைக் காக்க வேண்டியிருந்தது. ஈகல்ஸ் ஒரு முறைகூட பிளிட்ஸ் செய்யவில்லை. நால்வரே போதுமானதாக இருந்தது. அடுத்தடுத்து 2 முறை சாய்க்கப்பட்ட மஹோம்ஸ், அதற்கடுத்து எறிந்த பந்தை கூப்பர் டிஜீன் இடைமறித்து 38 கெஜம் ஓடி டச் டவுன் எடுத்தார். ஒரு கட்டத்தில் 34-0.

அப்படியானால் புத்திசாலித்தனத்துக்கு மதிப்பில்லையா?

உண்டு. ஆனா அதற்கும் எல்லை இருக்கிறது.

மேலே சொன்ன உத்திகளில் பல, எதிரணி அளவுக்கு மீறிப் பாயும்போதுதான் முழுப் பலன் தரும். 6 பேர் வந்தால் எங்கோ ஓர் இடம் காலி. 4 பேர் மட்டும் வந்து 5 தடுப்பாளர்களை வென்றுவிட்டால், பின்னால் 7 பேர் அப்படியே நிற்பார்கள். எறிய இடமும் இல்லை, காத்திருக்க நேரமும் இல்லை.

அந்த நிலையில் உலகின் ஆகச் சிறந்த கையும் திணறும். பெயர் வாங்குபவர் ஒருவர் என்றாலும், அவருக்கு அந்த 3 விநாடியை வாங்கித்தருபவர்கள் பலருக்கும் பெயர் தெரியாத அந்த ஐவர்.

அடுத்த சூப்பர் பௌலை நீங்கள் சிங்கப்பூரில் திங்கட்கிழமை காலை பார்த்தால், பந்தை விட்டுவிட்டு முதல் 2 விநாடி அந்த வரிசையைப் பாருங்கள். எத்தனை பேர் பாய்கிறார்கள் என்று எண்ணுங்கள். நான்கு பேரே குவார்ட்டர்பேக்கை நெருங்கிவிட்டால், ஆட்டம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.