மேட்டூர் திறக்கும்வரைதான் கிடை

சித்திரை, வைகாசியில் தஞ்சாவூர், திருவாரூர்ப் பக்கம் போனால் உளுந்து எடுத்த வயல்களில் செம்மறி மந்தைகளைப் பார்க்கலாம். ராமநாதபுரம், சிவகங்கைச் சீமைகளிலிருந்து நடந்தோ, இப்போதெல்லாம் லாரியிலோ வந்தவை. மந்தையை நடத்துபவர் கீதாரி. பெரும்பாலும் கோனார் சமூகத்தவர். எந்த ஊரில் புல் இருக்கிறது, எந்தக் குளத்தில் தண்ணீர் இருக்கிறது, எந்த மிராசுதார் வாக்குத் தவறாமல் கூலி தருவார் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி.

பகலில் ஆடுகள் தரிசிலும் வரப்பிலும் மேயும். இரவில் பேசி முடித்த வயலில் வலை கட்டி அடைப்பார்கள். மறுநாள் வலை பக்கத்துத் துண்டுக்கு நகரும். இதுதான் கிடை. புழுக்கை மட்டுமல்ல, மூத்திரமும் நேரே மண்ணில் இறங்குகிறது என்பதே இதன் சிறப்பு. ஆட்டு மூத்திரத்தில் தழைச்சத்தும் சாம்பல் சத்தும் மிகுதி. வண்டியில் எரு அடிக்கும்போது அந்தப் பங்கு வயலுக்கு வந்து சேராது. ஆட்டெரு அந்த வருஷமே பேசும் என்று சம்சாரிகள் சொல்வது சும்மா இல்லை. ஆடுகளின் எண்ணிக்கையைப் பார்த்து ஓர் இரவுக்கு இவ்வளவு என்று பணமோ நெல்லோ தருகிறார்கள். கீதாரி மேய்ச்சலை இரந்து பெறுகிறவர் அல்லர், உரம் விற்கிறவர்.

அவருடைய காலண்டரை எழுதுவது நீர்தான். சம்பா அறுவடைக்கு முன்பே வயலில் உளுந்து, பயறு தெளித்துவிடுவதால், அது முடியும்வரை ஆடு உள்ளே போக முடியாது. வழக்கப்படி ஜூன் 12-ல் மேட்டூர் அணையைத் திறந்துவிட்டால் உழவு தொடங்கிவிடும். இடைப்பட்ட சில வாரங்கள்தான் கிடைக்காலம். ஆழ்குழாய்க் கிணறு உள்ளவர்கள் கோடையிலும் நெல் நடுவதால் அதுவும் சுருங்குகிறது. ஐப்பசி மழை வந்தால் ஈரத்தில் நின்று ஆட்டுக்குக் குளம்பு அழுகும். நீலநாக்கு நோய் தலைகாட்டும். மேட்டு நிலம் தேடித்தான் ஓட வேண்டும். ஆனால் மேய்க்கால் புறம்போக்கு என்று பதிவேட்டில் இருக்கும் இடங்களில் பலவற்றில் இன்று கட்டடம் நிற்கிறது.

சட்டம் பாதி வழிதான் வருகிறது. 2006-ன் வன உரிமைச் சட்டம், பருவந்தோறும் இடம்பெயரும் மேய்ப்பவர்களின் உரிமையைப் பெயர் சொல்லியே ஏற்கிறது. ஆனாலும் 2022-ல் சென்னை உயர் நீதிமன்றம் தமிழகக் காடுகளில் மேய்ச்சலுக்குத் தடை விதித்தது. பிறகு அது சரணாலயம், தேசியப் பூங்கா, புலிகள் காப்பகம் என்று சுருக்கப்பட்டது. தேனி மலைமாட்டுக்காரர்களுக்கு அதுவே பெரிய அடி. காட்டுக்குள் போகாத டெல்டா கீதாரிக்கோ, சாதகமாகவோ பாதகமாகவோ அந்தச் சட்டத்திலும் தடையிலும் ஒன்றுமில்லை.

2026-ஐ மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ப்பவர்களுக்குமான ஆண்டாக ஐ.நா. அறிவித்திருக்கிறது. அதைப் பொருளுள்ளதாக்க நம் அரசுக்குப் பெரிய செலவு எதுவும் இல்லை. இயற்கை வேளாண்மைக்கு மானியம் தரும்போது கிடைக்கூலியையும் அதில் சேர்க்கலாம். மிஞ்சியிருக்கும் மேய்க்கால் புறம்போக்கை அளந்து கல் நடலாம்.