பணக்காரத் தொகுதியில் ஏழையின் வாக்கு

2017 ஜூன் 9, வெள்ளிக்கிழமை. பிரிட்டன் பொதுத்தேர்தலில் 649 தொகுதிகளின் முடிவு வந்துவிட்டது. பாக்கி ஒன்றே ஒன்று: லண்டனின் நடுவே இருக்கும் கென்சிங்டன். விடிய விடிய எண்ணிப் பார்த்தும், மறுபடி எண்ணிப் பார்த்தும் இரண்டு கட்சிகளும் ஒட்டியே நின்றன. ஊழியர்கள் ஓய்ந்துபோனதால் அவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, மாலையில் மீண்டும் எண்ணினார்கள். தொழிற்கட்சியின் எம்மா டென்ட் கோட் 16,333. கன்சர்வேட்டிவ் கட்சியின் விக்டோரியா போர்விக் 16,313. வித்தியாசம் 20 வாக்கு.

நாடே வியந்ததற்குக் காரணம் உண்டு. இளவரசி டயானா வாழ்ந்த கென்சிங்டன் அரண்மனை இங்கேதான் இருக்கிறது. அதையொட்டிப் போகும் கென்சிங்டன் பேலஸ் கார்டன்ஸ் தெருவில் தூதரகங்களும் கோடீஸ்வரர்களின் மாளிகைகளும்தான். லட்சுமி மிட்டல் 2004இல் வீடு வாங்கியதும் அந்தத் தெருவில்தான். இந்தப் பகுதியில் கன்சர்வேட்டிவ் கட்சியின் டிக்கெட் கிடைத்தாலே பாதி ஜெயித்த மாதிரி என்பார்கள். ஆலன் கிளார்க், மைக்கேல் போர்ட்டில்லோ, மால்கம் ரிஃப்கிண்ட் என்று அக்கட்சியின் பெரிய தலைகள் வரிசையாக உட்கார்ந்த இடம் இது.

பிரெக்சிட்டின் மேல் இருந்த கோபம்தான் காரணம் என்று பலர் எழுதினார்கள். அதில் உண்மை இருக்கிறது. 2016 வாக்கெடுப்பில் கென்சிங்டன்–செல்சி பரோவில் (தொகுதி அடங்கிய உள்ளாட்சிப் பகுதி) 68.7 சதவீதம் பேர் ஐரோப்பிய ஒன்றியத்திலேயே நீடிக்க வேண்டும் என்றவர்கள். வங்கிகளிலும் ஐரோப்பிய நிறுவனங்களிலும் வேலை பார்ப்பவர்கள் அதிகம். ஆனால் அந்த விளக்கம் தெற்குப் பகுதியை மட்டும் பார்க்கிறது. தொகுதிக்கு வடக்கு என்று ஒன்று இருக்கிறது. அதைப் பார்க்காமல் கென்சிங்டனைப் புரிந்துகொள்ள முடியாது.

நாட்டிங் ஹில் கேட் ரயில் நிலையத்தில் இறங்கி போர்ட்டோபெல்லோ ரோட்டில் வடக்கே நடந்தால் போதும். முதலில் இளஞ்சிவப்பும் வெளிர்நீலமும் பூசிய வீடுகள், பழம்பொருள் கடைகள், 1999இல் வந்த ‘நாட்டிங் ஹில்’ படத்தை நினைத்துப் படமெடுத்துக்கொள்ளும் சுற்றுலாப் பயணிகள். கொஞ்ச தூரத்தில் காய்கறி, பழ வண்டிகள். அப்புறம் தலைக்கு மேல் வெஸ்ட்வே மேம்பாலம். அதன் அடியில் பழைய துணி வியாபாரம். பாலத்தைத் தாண்டி கோல்போர்ன் ரோட்டுக்குள் நுழைந்தால் மொராக்கோக்காரர்களின் உணவு வண்டிகள், போர்ச்சுகீசியர்களின் பேக்கரிகள், அவற்றுக்கு மேலே எர்னோ கோல்ட்ஃபிங்கர் கட்டிய 31 மாடி டிரெல்லிக் டவர். அரை மணி நேர நடைதான். வருமானமும் மொழியும் மதமும் முழுக்க மாறிவிடுகின்றன.

இந்த வடக்குக்குத் தனி வரலாறு உண்டு. 19ஆம் நூற்றாண்டில் செங்கல் சூளைக்காரர்களும் பன்றி வளர்ப்பவர்களும் குடியிருந்த சேரி அது. அந்தக் காலத்துச் சூளை ஒன்று வால்மர் ரோட்டில் இன்னும் நிற்கிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு கரீபியத் தீவுகளிலிருந்து வந்தவர்களுக்கு நகரத்தின் மற்ற பகுதிகளில் வீடு கிடைக்கவில்லை. பீட்டர் ராக்மன் போன்ற வீட்டுக்காரர்கள் இங்கே இடிந்த வீடுகளை அறை அறையாகப் பிரித்து, கொள்ளை வாடகைக்கு விட்டார்கள். 1958 கோடை முடிவில் வெள்ளை இளைஞர் கும்பல்கள் கறுப்பின மக்களின் வீடுகளைத் தாக்கின. அடுத்த ஆண்டு மே மாதம் கெல்சோ காக்ரன் என்ற தச்சுத் தொழிலாளி நடுத்தெருவில் குத்திக் கொல்லப்பட்டார். அவருடைய இறுதி ஊர்வலத்துக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் திரண்டார்கள். அந்த 1959 தேர்தலில் பாசிஸ்ட் தலைவர் ஆஸ்வால்ட் மோஸ்லி இங்கே வந்து நின்றார். இனவெறியை மூலதனமாக்கினால் ஜெயிக்கலாம் என்பது அவர் கணக்கு. டெபாசிட் போனது.

இந்த மண்ணிலிருந்துதான் 1966இல் நாட்டிங் ஹில் கார்னிவல் கிளம்பியது. ஆகஸ்டு கடைசியில் இரண்டு நாள் தெருவை நிறைக்கும் ஸ்டீல் பேண்ட் இசையைப் பார்த்து ‘லண்டனின் பன்முகத்தன்மை’ என்று புகழ்பவர்கள், அது அடிபட்ட மக்கள் தெருவில் தங்களுக்கும் இடமுண்டு என்று சொல்லக் கண்டுபிடித்த வழி என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அந்த 20 வாக்கு முடிவு வந்த ஐந்தாம் நாள், ஜூன் 14 அதிகாலையில், வடக்கு கென்சிங்டனில் கிரென்ஃபெல் டவர் எரிந்தது. உள்ளாட்சி கவுன்சிலுக்குச் சொந்தமான 24 மாடிக் குடியிருப்பு. நாலாவது மாடியில் ஒரு சமையலறை ஃபிரிட்ஜில் பிடித்த தீ, கட்டடத்தின் வெளிப்புறம் போர்த்தியிருந்த தகடுகளைப் பற்றிக்கொண்டு உச்சிவரை ஏறியது. இறங்க இருந்தது ஒரே ஒரு படிக்கட்டு. வீட்டுக்குள்ளேயே இருங்கள் என்று தீயணைப்புத் துறை சொன்னதை நம்பி இருந்தவர்களும் உண்டு. 72 பேர் இறந்தார்கள். அவர்களில் 18 பேர் குழந்தைகள். மொராக்கோ, எத்தியோப்பியா, எரித்திரியா, சிரியா, வங்கதேசம், இத்தாலி என்று உலகின் பல மூலைகளிலிருந்து வந்த குடும்பங்கள் அவை. கட்டடம் பாதுகாப்பாக இல்லை என்று குடியிருந்தவர்கள் பலமுறை எழுதிக் கேட்டிருந்தார்கள்.

இங்கே இரண்டு தொகைகளை அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். 2014இல் இந்தப் பரோவின் கவுன்சில், நிர்வாகச் செலவை மிச்சப்படுத்திவிட்டோம் என்று சொல்லி, முழு வரி கட்டியவர்களுக்கு ஆளுக்கு 100 பவுண்டு திருப்பிக் கொடுத்தது. அதே ஆண்டில் கிரென்ஃபெல் சீரமைப்புக்குச் செலவைக் குறைக்கும் பேச்சு நடந்தது. துத்தநாகத் தகட்டுக்குப் பதில், நடுவில் பாலிஎத்திலீன் வைத்த மலிவான அலுமினியத் தகடு போடலாம் என்று முடிவானது. மிச்சம், சுமார் 3 லட்சம் பவுண்டு. பணமில்லாத ஊரில் நடந்திருந்தால் வறுமை என்று சொல்லியிருப்பார்கள். நாட்டிலேயே வசதியான கவுன்சில்களில் ஒன்று இது.

இந்தத் தொகுதியைப் பற்றி எனக்குள்ள மனத்தாங்கல் இதுதான். சராசரி வருமானத்தை எடுத்துப் பார்த்தால் கென்சிங்டன் செழித்த ஊர். அந்தச் சராசரியே வடக்கின் வறுமையைக் கணக்கிலிருந்து துடைத்துவிடுகிறது. ஏழைத் தொகுதியில் பிறந்த ஏழைக்குக் கட்சிகள் வந்து வாக்குறுதியாவது தரும். பணக்காரத் தொகுதியில் வாழும் ஏழைக்கு அதுகூடக் கிடைப்பதில்லை. முடிவு முன்பே தெரிந்த தொகுதியில் அவன் வாக்கை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. வித்தியாசம் 20க்கு வந்தபோதுதான் எண்ணினார்கள்.

தீக்குப் பிறகு வேறொரு கணக்கும் வெளியே வந்தது. வீடிழந்தவர்கள் ஹோட்டல் அறைகளில் மாதக்கணக்கில் கிடந்தபோது, இதே பரோவில் 1,600க்கும் மேற்பட்ட வீடுகள் ஆளில்லாமல் பூட்டிக் கிடந்தன. வெளிநாட்டுக் கம்பெனிப் பெயர்களில் வாங்கி, விலை ஏறட்டும் என்று போட்டுவைத்த வீடுகள் அவற்றில் உண்டு. தப்பியவர்களுக்காகக் கென்சிங்டன் ஹை ஸ்ட்ரீட் அருகே புதிய ஆடம்பர வளாகம் ஒன்றில் 68 வீடுகள் வாங்கப்பட்டன. எங்கள் வீட்டு விலை இறங்கிவிடுமே என்று அங்கிருந்த சிலர் சொன்னதைப் பத்திரிகைகள் எழுதின. படிக்கவே கூசியது.

அரசியல் அதன் வழியில் ஓடியது. 2019இல் கன்சர்வேட்டிவ் கட்சியிலிருந்து லிபரல் டெமாக்ரட்டுக்குத் தாவிய சாம் ஜீமா 9,000க்கு மேல் வாக்குப் பிரிக்க, கன்சர்வேட்டிவ் வேட்பாளர் ஃபெலிசிட்டி புகன் 150 வாக்கில் தொகுதியை மீட்டார். 2024இல் எல்லை மாறி, பேய்ஸ்வாட்டரும் சேர்ந்தது. அரபு, சீன உணவகங்களும் மாஸ்கோ ரோட்டில் கிரேக்கத் தேவாலயமும் உள்ள பகுதி அது. இந்தப் புதிய தொகுதியில் தொழிற்கட்சியின் ஜோ பவல் சுமார் 2,900 வாக்கில் ஜெயித்தார். லண்டன் சொத்துகளில் பதுங்கும் கறுப்புப் பணத்துக்கு எதிராக அதற்கு முன்பே இங்கே இயக்கம் நடத்தியவர் அவர்.

யார் வாக்களிக்கலாம் என்பதும் இங்கே வினோதம். காமன்வெல்த் குடிமக்களுக்குப் பிரிட்டன் நாடாளுமன்றத் தேர்தலில் வாக்குண்டு. சென்னையிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ முறையான விசாவில் போய்ப் பேய்ஸ்வாட்டரில் அறையெடுத்துப் படிக்கும் மாணவர் பதிவுசெய்துகொண்டால் இந்தத் தொகுதியின் எம்.பி.யைத் தேர்ந்தெடுக்கலாம். கோல்போர்ன் ரோட்டில் முப்பது வருடமாக ரொட்டி சுடும் போர்ச்சுகீசியர், பிரிட்டிஷ் குடியுரிமை வாங்காவிட்டால், முடியாது. மொராக்கோக்காரருக்கும் அப்படியே. தெற்கே மாளிகை வைத்திருக்கும், காமன்வெல்த்தைச் சேராத அயல்நாட்டுச் செல்வந்தருக்கும் வாக்கில்லைதான். ஆனால் அவர் குரல் போய்ச்சேர வேறு வழிகள் இருக்கின்றன.

2024 செப்டம்பரில் வந்த கிரென்ஃபெல் தீ விசாரணையின் இறுதி அறிக்கை, அத்தனை மரணங்களும் தவிர்த்திருக்கக் கூடியவை என்றது. தகடு விற்றவர்களின் திட்டமிட்ட நேர்மையின்மையைச் சுட்டியது. அரசும் கவுன்சிலும் தவறியதைச் சொன்னது. ஏழாண்டு கடந்திருந்த அன்றுகூட, அந்தச் சாவுகளுக்காக ஒருவர்மீதும் குற்றச்சாட்டு பதிவாகியிருக்கவில்லை. 2025இல் கட்டடத்தைப் பிரித்து இறக்கும் வேலை தொடங்கியது. இடிக்கக் கூடாது, வழக்கு முடியும்வரை நிற்கட்டும் என்று கேட்ட குடும்பங்களும் இருந்தன. தினமும் ஜன்னலில் அதைப் பார்க்க முடியவில்லை என்ற அக்கம்பக்கத்தாரும் இருந்தார்கள். இரு தரப்பும் இந்தத் தொகுதியின் வடக்கே வாழ்பவர்கள். அடுத்த தேர்தலில் வாக்குக் கேட்டுப் போகிறவர்கள் அவர்கள் வாசலில் நின்று பதில் சொல்லியாக வேண்டும்.