நேட்டாலுக்குப் போன சின்னத் தாத்தா

‘எங்க கொள்ளுத் தாத்தாவோட தம்பி கப்பலேறிப் போனவர்தான், அப்புறம் தகவலே இல்ல’ என்று சொல்லும் பெரியவர்கள் சிட்லபாக்கத்திலும் உண்டு. அன்றைய செங்கல்பட்டு ஜில்லா, தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் இருந்த கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் பிடித்த இடங்களில் ஒன்று. போனவரின் வம்சத்தைத் தேட இன்று பலருக்கும் முதலில் தோன்றுவது டிஎன்ஏ சோதனைதான். அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்வதே நல்லது.

முதலில் கப்பல் பட்டியல். 1860 அக்டோபரில் சென்னையிலிருந்து கிளம்பிய ‘ட்ரூரோ’ கப்பல் நவம்பர் 16 அன்று டர்பன் சேர்ந்தது. அதிலிருந்து 1911 வரை 1,52,184 பேர் நேட்டாலுக்குப் போனார்கள். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் சென்னை வழியாக. ஒவ்வொருவருக்கும் ஒரு எண். அதையடுத்து பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, உயரம், உடம்பிலுள்ள மச்சம் அல்லது தழும்பு, ஜில்லா, தாலுகா, கிராமம். பட்டியல்கள் இப்போது கணினியில் தேடும்படி கிடைக்கின்றன. முனுசாமி என்று மட்டும் தேடினால் மலைத்துப்போவோம். தகப்பன் பெயரும் கிராமமும் சேர்ந்தால்தான் ஆள் தட்டுப்படுவார்.

அந்த இரண்டு விவரங்களும் நம் வீட்டில்தான் இருக்கின்றன. குலதெய்வக் கோயிலில் கூடும் பங்காளிகளைக் கேளுங்கள். பழைய பாகப்பிரிவினைப் பத்திரத்தைப் பிரித்துப் பாருங்கள்; எத்தனை அண்ணன் தம்பிகள், யாருக்குப் பங்கு விழவில்லை என்பது அதில் தெரியக்கூடும்.

டர்பனில் ஒரு குடும்பம் பொருந்தி வந்த பிறகு டிஎன்ஏவுக்கு வருவோம். கப்பலேறிப் போனவருடைய கொள்ளுப் பேரனுக்கும் அவர் அண்ணனின் கொள்ளுப் பேரனுக்கும் பொதுவாக இருக்கும் டிஎன்ஏ சராசரியாக ஒரு சதவீதத்துக்கும் குறைவு. இப்படிப்பட்ட உறவில் பத்தில் ஒரு ஜோடிக்குப் பொதுத் துண்டு எதுவுமே அகப்படாது. நம்மிடம் எதிர்ச் சிக்கலும் உண்டு. தலைமுறை தலைமுறையாகச் சாதிக்குள்ளும் சொந்தத்துக்குள்ளும் பெண் கொடுத்துப் பெண் எடுத்ததால், உறவே இல்லாதவர்களைக்கூடச் சோதனை நெருங்கிய சொந்தம்போலக் காட்டும். 2017இல் ஹைதராபாத்தின் சிசிஎம்பி ஆய்வு மையத்தைச் சேர்ந்த தங்கராஜும் ஹார்வர்டின் டேவிட் ரெய்க்கும் பங்கேற்ற ஆய்வு, 263 தெற்காசியக் குழுக்களில் 81 குழுக்கள் மிகச் சில முன்னோரிலிருந்தே பெருகியவை என்று கண்டது. ஆகவே மொத்த அளவை நம்பிவிடக் கூடாது. பழைய உறவு சிறுசிறு துண்டுகளாகச் சிதறியிருக்கும். அண்மை உறவு ஒன்றிரண்டு நீளத் துண்டுகளாக நிற்கும். நீளத்தைத்தான் பார்க்க வேண்டும்.

தொடர்ந்து ஆண்வழியே வந்தவர்கள் என்றால் வேலை எளிது. ஒய் குரோமோசோம் தகப்பனிடமிருந்து மகனுக்கு அநேகமாக மாறாமல் இறங்குகிறது. பங்காளி உறவும் அதே வழியில்தான் இறங்குகிறது. மாமன் மகளைக் கட்டியதால் அது குழம்பாது. இருவருக்கும் ஒத்துவராவிட்டால் தேடலை அங்கேயே நிறுத்திவிட்டு அடுத்த பெயருக்குப் போகலாம். ஒத்துவந்தால் ஒரே வம்சம் என்பது வரைக்கும் சொல்லலாம்; எந்த அண்ணன், எந்தத் தம்பி என்று அது சொல்லாது.

பெண்வழி வந்தவர்களுக்கு இது உதவாது. அப்போது இரு கரையிலும் உயிரோடிருக்கும் மூத்தவர்களின் மாதிரியை எடுப்பதே வழி. கொள்ளுப் பேரன்களுக்குப் பதில் இரு பக்கத்துப் பேரன் பேத்திகள் கிடைத்தால், பொதுப் பங்கு சராசரியாக மூன்று சதவீதமாக உயர்கிறது.