டிரையர் ரேடியேட்டர்: ஃபின்கள் ஏன் வெளிப்பக்கம்?

நுவரெலியா, ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலைகளில் டிரையருக்குக் காற்றைச் சூடாக்கும் ரேடியேட்டர் குழாய் இது. சுற்றிலும் சுருளாக ஓடும் அலுமினியத் தகடுதான் ஃபின். உள்ளே நீராவி நீராக ஒடுங்கும்போது வெப்பத்தை உருக்குச் சுவருக்குச் சட்டெனக் கொடுத்துவிடும். வெளியே ஓடும் காற்று அதை வாங்கும் திறனோ ஏறக்குறைய நூறில் ஒரு பங்குதான். அதனால்தான் வெளிப்பரப்பைப் பெருக்க வேண்டியிருக்கிறது. ஏறத்தாழ 1,870 மீட்டர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் காற்றின் அடர்த்தி, அதே வெப்பநிலையிலுள்ள கரையோரக் காற்றைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு என்பதால் இங்கே இந்தத் தேவை இன்னும் கூடுதல்.

விறகு அடுப்பின் சூட்டையே நேராகச் செலுத்தினால் என்ன? செலுத்தலாம், ஆனால் புகை வாடை தேயிலையில் ஏறிவிடும். ஈரம் சுமார் 3 சதவீதமாக வற்றிய தூள் எந்த வாடையையும் இழுத்துக்கொள்ளும். செம்பு இன்னும் நன்றாக வெப்பம் கடத்துமே என்பதும் நியாயமான கேள்விதான். விலை கட்டாது, தவிர, குழாய் உருக்கைவிட அலுமினியமே ஏறத்தாழ நான்கு மடங்கு கடத்துகிறது. உலோகத்தைவிட முக்கியம் ஒட்டுதல். ஃபினின் அடியை உற்றுப் பாருங்கள்: குழாயில் வெட்டிய மெல்லிய பள்ளத்தில் அது இறுக்கிப் பதிக்கப்பட்டிருக்கிறது. மயிரிழை இடைவெளி விழுந்தாலும் அங்கே புகும் காற்று வெப்பத்தைத் தடுக்கும். ஃபின்களை மேலும் நெருக்கினால் பரப்பு கூடும், உண்மைதான். ஆனால் தொழிற்சாலையில் பறக்கும் தேயிலைத் தூசு இடுக்குகளில் அடைந்து, காற்றோட்டமே குறைந்துபோகும்.