தான் நுழைந்த வாசல்கள்

1952 மே மாதம் சிங்கப்பூர் தபால்காரர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அவர்கள் சங்கத்தின் வக்கீல் லீ குவான் யூ. கேம்பிரிட்ஜில் சட்டம் படித்துவிட்டு ஊர் திரும்பி இரண்டு வருடம்கூட ஆகவில்லை. போராட்டத்துக்கு ஆதரவாகப் பத்திரிகையில் எழுதியவர், யாழ்ப்பாணத்தில் பிறந்த எஸ். ராஜரத்தினம்.

1954இல் 'ஃபஜார்' என்ற மாணவர் இதழில் வந்த தலையங்கத்துக்காக எட்டுப் பேர்மீது ராஜதுரோக வழக்கு. லண்டனிலிருந்து டி.என். பிரிட் வந்து வாதாடினார். துணை வக்கீல் லீ. எட்டுப் பேரும் விடுதலை. மறுவருடம் சட்டமன்றத்துக்குள் போன லீ, விசாரணையில்லாமல் ஆட்களை அடைத்துவைப்பதைக் காரசாரமாகத் தாக்கினார்.

1959இல் பிரதமர்; வயது 35. 1963 பிப்ரவரி 2 அன்று நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் கைதானார்கள். அவர்களில் ஃபஜார் வழக்கில் விடுதலையான போ சூ காயும் ஜேம்ஸ் புதுச்சேரியும் இருந்தார்கள். உத்தரவு, பிரிட்டனும் மலாயாவும் சேர்ந்திருந்த பாதுகாப்புக் கவுன்சிலுடையதுதான். ஆனால் போ சூ காய் இரண்டு தடவையாக மொத்தம் 17 வருடம் விசாரணையே இல்லாமல் உள்ளே இருந்ததற்கு அந்தக் கவுன்சிலை மட்டும் கைகாட்டிவிட முடியாது.

பதவி ஆளை மாற்றிவிட்டது என்பார்கள். எனக்கு அது போதவில்லை. 1950இல் சிங்கப்பூரை உலுக்கிய மரியா ஹெர்டோக் கலவரத்தில் கொலைக் குற்றம் சாட்டப்பட்ட நான்கு பேரை, ஜூரியின் மனத்தைக் கலைத்து அந்தக் குற்றத்திலிருந்து தப்பவைத்தவர் இளம் வக்கீல் லீ. அந்த வெற்றி தனக்கே அருவருப்பாக இருந்ததாகப் பிறகு சொன்னார். 1969இல் ஜூரி முறையையே ஒழித்தார். எதிர்த்துச் சாட்சி சொல்ல வந்த டேவிட் மார்ஷலை (நாட்டின் முதல் முதலமைச்சர், கிரிமினல் வழக்குகளில் புலி) நாடாளுமன்றக் குழுவில் அமர்ந்து குறுக்கு விசாரணை செய்ததும் அவர்தான். எந்த வாசல் வழியாக ஆள் தப்பிப்பான் என்று தெரிந்தவர், ஒவ்வொன்றாகச் சாத்தினார்.

சிங்கப்பூர் வழக்குகளுக்குக் கடைசி அப்பீல் மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் இன்னொரு வாசல். யாழ்ப்பாணத்தில் பிறந்த வக்கீல் ஜே.பி. ஜெயரத்தினம் 1981 ஆன்சன் இடைத்தேர்தலில் ஜெயித்து எதிர்க்கட்சி உறுப்பினரானார். பிறகு ஒரு வழக்கில் தண்டனை பெற்று, பதவியும் போய், வக்கீல் பட்டியலிலிருந்தும் பெயர் நீக்கப்பட்டது. 1988இல் பிரிவி கவுன்சில் அவருக்கு அநீதி நடந்ததாகக் கூறி மீண்டும் வக்கீலாக்கியது. மறுவருடமே அத்தகைய ஒழுங்கு நடவடிக்கை வழக்குகளில் அங்கே அப்பீல் போகும் வழி அடைபட்டது. 1994இல் எல்லா வழக்குகளுக்கும்.

லீ 2015இல் காலமானார். விசாரணையின்றி அடைத்துவைக்க அனுமதிக்கும் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் இன்றும் அமலில் இருக்கிறது.