பெட்டி மரத்தில் கடல் கடந்த வண்டு

இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் ஆகிய ஊர்களின் சாலைகளில் சரக்குப் பெட்டகங்களைச் சுமந்த பாரவண்டிகள் இரவு பகலாகத் துறைமுகம் நோக்கி ஊர்ந்து செல்லும். பெட்டகத்தினுள் இருப்பன விலையுயர்ந்த இயந்திரங்கள். அவற்றைத் தாங்கி நிற்பனவோ விலை குறைந்த மரச்சட்டங்கள். அச்சட்டங்களின் உள்ளே, கட்டணம் கொடாமற் கப்பலேறும் பிரயாணி ஒன்று உண்டு.

விலங்கு நூலார் அதனைச் சைனாக்சிலான் அனேல் என்பர். தென்னாசியாவும் தென்கிழக்காசியாவும் அதன் தாயகம். அரைச் சென்டிமீட்டர் அளவே நீளமுள்ள அவ்வண்டின் உடல் உருளை வடிவினது. தலையோ முக்காடிட்டாற்போல மார்புக் கவசத்தின் கீழ் மறைந்திருக்கும். சிறகுறையின் பின்சரிவில் இரண்டு முட்கள் உண்டு.

மரம் முழுவதும் இதற்கு உணவன்று. மரத்தின் இலக்கணம் கூறப்புகுந்த தொல்காப்பியர் அதன் உள்வயிரத்தையே சிறப்பாகக் கொண்டார். வண்டோ அவ்வயிரத்தை விடுத்து, அதனைச் சூழ்ந்த வெளிற்றையே நாடுகிறது. மாவுப்பொருள் தங்குமிடம் அதுவே. புழுக்கள் வெளிற்றினுள் நெடுகத் துளைத்துச் சென்று, தாம் சென்ற வழியை நுண்ணிய பொடியால் அடைத்துவிடும். புறத்தே சில வட்டத் துளைகளன்றி வேறொன்றும் தோன்றாது. அகமோ உளுத்துப் போயிருக்கும். வெட்டிய மரத்தைப் பல திங்கள் குளத்து நீரில் ஊறப்போட்ட பழைய தச்சரின் வழக்கம் இம்மாவைக் குறைத்தற்கு ஏற்றதே. இக்காலத்து அவசரத்தில் பச்சை மரமே அறுபட்டுப் பெட்டியாகிவிடுகிறது.

இவ்வாறு ஏறிய வண்டு அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பெட்டி மரங்களில் அகப்பட்டதுண்டு. இது பெரும்பாலும் வெட்டிய மரத்தையும் நலிந்த மரத்தையுமே தாக்குவது. ஆயினும் அயல்நாட்டார் அஞ்சுவதற்குக் காரணம் உண்டு. சீனத்திலிருந்து சென்ற நெடுங்கொம்பு வண்டொன்று 1996-ஆம் ஆண்டு நியூயார்க்கு நகரில் காணப்பட்டது. அது உயிருள்ள மரங்களையே கொன்றமையால், ஆயிரக்கணக்கான நிழல் மரங்களை வெட்டி அழிக்க நேர்ந்தது.

2002-ஆம் ஆண்டு உலக நாடுகளுக்குப் பொதுவான விதியொன்று ஏற்பட்டது. அதன்படி, பெட்டி மரத்தைச் சூடேற்றுவோர் 56 பாகை செல்சியசு வெப்பத்தில் இடைவிடாது 30 நிமிடம் வைத்தல் வேண்டும். புறம் மட்டும் சுட்டாற் போதாது. நடுப்பகுதியும் அவ்வெப்பத்தை எய்துதல் வேண்டும். புகையூட்டுதலும் பிறிதொரு முறை. இவற்றுள் ஒன்றைச் செய்தபின், கதிர்ச் சின்னமும் நாட்டின் குறியீடும் மரத்தில் பொறிக்கப்படும்.

எனினும் வெப்பம் உள்ளிருந்த புழுவைக் கொல்லுமேயன்றிப் பின்வரும் வண்டைத் தடுக்காது. முத்திரை பெற்ற சட்டமும் கிடங்கில் நெடுநாட் கிடந்தால் மீண்டும் துளைபடலாம். ஆதலின் ஆய்வாளர் முத்திரையைப் பார்த்ததோடு அமையாமல், பலகையின் அடியில் மாப்போன்ற பொடி உதிர்ந்துள்ளதா என்றும் குனிந்து நோக்குவர்.